பழுத்த வார்த்தை

டங். டங். டொக். தொப்.

கொட்டையம்பாக்கத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, ஊர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுவது இதுதான். புதிதாகப் போகிறவர்கள் பஸ்ஸுக்கு அடியில் ஏதோ கழன்றுகொண்டதாக நினைத்து டிரைவரைப் பார்ப்பார்கள். அவர் திரும்பாமலே, "ஒண்ணுமில்ல, ஊரு தட்டுது" என்பார்.

பண்ருட்டிக்குத் தெற்கே, செம்மண் பூமியில், வீட்டுக்கு ரெண்டு பலாமரமாவது நிற்கிற ஊர் அது. பலா கொஞ்சம் அழுத்தமான பழம். மாம்பழம் நிறம் மாறிச் சொல்லிவிடும். வாழை புள்ளி வைத்துச் சொல்லிவிடும். பலா தானாக ஒன்றும் சொல்லாது, தட்டித்தான் கேட்க வேண்டும். 'டங்' என்று விறைப்பாகச் சொன்னால் காய். 'டொக்' என்றால் ரெண்டு நாள் பொறுக்க வேண்டும். வேலை முடித்து வந்தவன் பாயில் விழுகிற மாதிரி 'தொப்' என்று சொன்னால் பழம்.

இதுவரைக்கும் எல்லாப் பலா ஊரிலும் உள்ளதுதான். கொட்டையம்பாக்கத்தார் இதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இத்தனை முள்ளை வைத்துக்கொண்டு மூடிக் கிடக்கிற பலாவே தட்டினால் உண்மையைச் சொல்லுகிறதென்றால், மற்றதெல்லாம் சொல்லாதா என்று யோசித்தார்கள். அன்றிலிருந்து எதையும் தட்டிப் பார்க்காமல் அந்த ஊரில் ஒரு காரியம் நடப்பதில்லை.

ஊருக்கு முதல்முதலாக டவுன் பஸ் விட்டபோது, அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் ஆவட்டும்" என்று ஏறாமல் வீட்டுக்குப் போனார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவனை முதுகில் தட்டிப் பார்த்து, காயாக இருக்கிறான் என்று காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை ஊருக்கு மருத்துவ முகாம் வந்தது. அதில் ஓர் இளம் டாக்டர், இருமலோடு போனவரின் நெஞ்சில் இடது கையை வைத்து அதன்மேல் வலது விரலால் டொக் டொக்கென்று தட்டினார். மொத்த ஊரும் கை கூப்பி எழுந்து நின்றது. "நம்ம தொழிலப் படிச்சிட்டு வந்திருக்காரு" என்று கண் கலங்கினார்கள். மறுநாள் முகாம் வாசலில் நோயாளிகள் இல்லை. நூற்றிருபது பலாக்காய்கள் வரிசையில் நின்றன.

ஊரில் பலா தட்டுவோர் சங்கம் ஒன்று உண்டு. மூன்று பேர்.

தலைவர் கலியமூர்த்தி. அவருடைய வலது காது இடது காதைவிடக் கொஞ்சம் பெரிசு. தலைவர் பதவிக்கு அதுதான் தகுதி.

செயலாளர் தனவேல். எட்டாவது படித்தவர். ஒன்பதாவது வகுப்புக் கதவைத் தட்டிப் பார்த்தபோது 'டங்' என்றதால் மேலே போகவில்லை. பழைய பேப்பர்க்காரனிடம் அரைக்கிலோ எடைக்கு வாங்கிய, அட்டையில்லாத இங்கிலீஷ் தமிழ் அகராதி ஒன்று அவரிடம் இருந்தது. அதனால் ஊரில் படித்தவர் என்றால் அவர்தான்.

உறுப்பினர் பாவாடை. மற்ற இரண்டு பேரும் என்ன சொன்னாலும் "அது எப்படி?" என்று கேட்பது அவர் பொறுப்பு.

இனி அஞ்சலாட்சி. இந்தக் கதையில் எதையாவது இழக்க இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே எங்கேயோ இருப்பான். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பலாமரம். அதன் நிழலில்தான் அவளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேரும் உட்கார்ந்து, கொட்டை எண்ணெய் கையைச் சுடாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, வறுத்த முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். அந்தத் தெருவில் உச்சிப்பொழுதுக்கு வேறு நிழல் கிடையாது. முன்னொரு புயலில் ஒடிந்து விழுந்த கிளையில் செய்த மணை ஒன்று அவளிடம் இருந்தது. எட்டு வருஷமாக அதில்தான் உட்காருகிறாள். மரத்தோடு பேசவும் செய்வாள். பேசுவதென்றால் கொஞ்சல் இல்லை, சண்டைதான். "ஏன் இவ்வளவு சருகு கொட்டுறே?" என்று காலையில் ஆரம்பிப்பாள். புருஷன் வருஷத்துக்கு ரெண்டு முறை வருகிறவன் என்றால், சண்டை போடவும் பக்கத்தில் ஒன்று வேண்டியிருக்கிறது.

மரம் நின்ற இடம் அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொதுச் சொத்து. புருஷனின் அண்ணன் வீராசாமி பக்கத்திலேயே புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் முடிந்தது, தளம் முடிந்தது, வாசல் கதவு மட்டும் பாக்கி. கதவென்றால் பலாக்கதவுதான் என்று பிடிவாதம். ஒருநாள் வந்து மரத்தைக் கையால் அணைத்து அளந்து, சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அஞ்சலாட்சி புருஷனிடம் போனில் கேட்டதற்கு, "அண்ணன் சொன்னா சரி" என்று அவன் எங்கிருந்தோ சொல்லிவிட்டான். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

அந்த வருஷம் அந்த மரம் ஒரு காய் காய்த்திருந்தது. ஒரு கன்றுக்குட்டி காலை மடக்கிப் படுத்திருக்கிற அளவு. அடிமரத்திலேயே தொங்கியதால்தான் கிளை தப்பியது. அதற்கு அடியில் ஒரு கவைக்கம்பு முட்டுக் கொடுத்திருந்தாள்.

டவுனில் பழக் கண்காட்சி என்றும், பெரிய பலாவுக்குப் பரிசு என்றும் அறிவிப்பு வந்ததும், அஞ்சலாட்சி நேராக வீராசாமியிடம் போய் நின்றாள். பரிசு வாங்கிய மரத்தை வெட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். வீராசாமி கொஞ்ச நேரம் மீசையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி. பேர் வாங்குனா நிக்கட்டும். வாங்கலன்னா திங்கக்கிழம ரம்பம்."

கண்காட்சி சனிக்கிழமை. அன்று புதன்.

விண்ணப்பப் படிவம் இங்கிலீஷில் இருந்தது. கொட்டையம்பாக்கத்தில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் பலா சம்பந்தப்பட்ட விஷயத்தில் பிள்ளைகளைக் கேட்பது ஊர் வழக்கம் இல்லை. படிவம் சங்கத்துக்குப் போனது.

தனவேல் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பேர், ஊர், மரத்தின் வயசு எல்லாவற்றையும் ஒன்றரை மணி நேரத்தில் தாண்டிவிட்டார். கடைசியில் மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றில் ஒன்றுக்கு மட்டும் டிக் போட வேண்டும். ஒன்றுக்குமேல் போட்டால் படிவம் செல்லாது. முதல் கட்டத்துக்குப் பக்கத்தில் பிக்கெஸ்ட் என்று போட்டிருந்தது. அடுத்தது லார்ஜெஸ்ட். அதற்கடுத்தது கிரேட்டஸ்ட்.

தனவேல் முதல் வார்த்தையைப் பார்த்தார். அகராதி 'மிகப் பெரிய' என்றது. சந்தோஷமாக அடுத்ததைப் பார்த்தார். 'மிகப் பெரிய.' கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவதைப் பார்த்தார். 'மிகப் பெரிய.'

சங்கம் அகராதியைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தது.

"மூணும் ஒண்ணுன்னா எதுக்குய்யா மூணு கட்டம்?" என்றார் பாவாடை.

"மூணும் ஒண்ணில்ல. தமிழ்ல பெரிசு ஒண்ணுதான். அவங்ககிட்ட மூணு இருக்கு" என்றார் தனவேல்.

"அது எப்படி? பெரிசு பெரிசுதானே? இன்னொரு பெரிசு வந்தா முதல் பெரிசு சின்னதாயிடாது?"

கலியமூர்த்தி நெடுநேரம் யோசித்துவிட்டு, மூன்று பெரிசு வைத்திருக்கிறவர்கள் ராத்திரி எப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ என்று வருத்தப்பட்டார். நமக்கு ஒரு பெரிசையே வைத்துக்கொள்ள இடமில்லை.

வெயில் இறங்கும்வரை விவாதம் நடந்தது. ஒன்று நீளத்தில் பெரிசு, ஒன்று சுற்றளவில் பெரிசு, மூன்றாவது பேச்சில் பெரிசு என்று தனவேல் சொல்லிப் பார்த்தார். எது எது என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. பாவாடை எழுத்துகளை விரல் வைத்து எண்ணி, முதல் இரண்டிலும் ஏழு, மூன்றாவதில் எட்டு, அதனால் அதுதான் பெரிசு என்றார். கலியமூர்த்தி அதைக் கடுமையாகக் கண்டித்தார். பழத்தை அறுப்பதற்கு முன்னால் சுளையை எண்ணுகிறவன் உருப்பட்டதில்லை என்றார். பாவாடை தலை குனிந்துகொண்டார்.

கடைசியில் படிவத்தின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டார்கள். எடுத்தவர் கண்காட்சிக் குமாஸ்தா. காலையிலிருந்து இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்த குரல்.

"ஐயா, மூணு பெரிசுல எங்க பழம் எந்தப் பெரிசு?" என்றார் தனவேல்.

"எதுவா இருந்தா என்னங்க? ஒண்ணுக்குப் போடுங்க."

"எந்த ஒண்ணுக்குங்க?"

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "உங்க ஊர்ல எதையும் எப்படி முடிவு பண்ணுவீங்க? அதே மாதிரி பண்ணுங்க. ஆனா ஒண்ணு. பழுத்தத மட்டும் கொண்டாங்க. காயா கொண்டாந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம். சனிக்கிழம காலைல ஒம்பது மணி." போன் வைக்கப்பட்டது.

மூன்று பேர் முகமும் தெளிந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லக்கூடிய அதிகாரிகள் நாட்டில் இருக்கிறார்களே என்று கலியமூர்த்தி நெகிழ்ந்தார். ஊர் எப்படி முடிவு பண்ணும்? தட்டிப் பார்த்து.

படிவத்தையே தட்டிப் பார்த்தார்கள். காகிதம் சத்தமே போடவில்லை. இன்னும் பூவாக இருக்கிறது என்று கலியமூர்த்தி சொன்னார். வார்த்தையைக் கெட்டியான பொருள்மேல் ஏற்றினால்தான் பேசும் என்று முடிவானது.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீலப் பெயின்ட் பாவாடை வீட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தனவேல் படிவத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பிக்கெஸ்ட்டை ஒரு எண்ணெய் டின்னின் தகர மூடியில் எழுதினார்கள். லார்ஜெஸ்ட்டைத் தக்காளிப் பெட்டியின் பலகையில் எழுதினார்கள். மூன்றாவதற்குப் பொருள் கிடைக்கவில்லை. அஞ்சலாட்சியிடம் போய் மணையைக் கேட்டார்கள்.

"எதுக்கு?" என்றாள்.

"உன் மரத்துக்காகத்தான்" என்றார்கள்.

அவள் மணையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை காலை, பெயின்ட் காய்ந்தபின், மூன்றையும் வரிசையாக வைத்து ஊர் கூடியது. கலியமூர்த்தி குளித்து, திருநீறு பூசி, வலது காதைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார்.

பிக்கெஸ்ட்டைத் தட்டினார். 'டங்.' சந்தேகமே இல்லை, பச்சைக் காய்.

லார்ஜெஸ்ட்டைத் தட்டினார். 'டொக்.' ரெண்டு நாள் ஆகும்.

கிரேட்டஸ்ட்டைத் தட்டினார். எட்டு வருஷம் ஒருத்தி உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்துபோன மணை அது. அது 'தொப்' என்றது.

"பழுத்துடுச்சு" என்று கூட்டம் முணுமுணுத்தது. தனவேல் பேனாவைத் திறந்தார்.

"அது எப்படி?" என்றார் பாவாடை. "இன்னிக்கு வியாழன். இன்னிக்குப் பழுத்த வார்த்த சனிக்கிழம என்னாவும்? அழுகிடாது? நமக்கு வேண்டியது சனிக்கிழம பழுக்குற வார்த்த."

சங்க வரலாற்றில் பாவாடையின் சந்தேகத்துக்கு ஊர் கைதட்டியது அன்று ஒரு தடவைதான். தனவேல் பேனாவை மூடினார். லார்ஜெஸ்ட் என்று முடிவானது. அதைச் சாக்கில் சுற்றி, வைக்கோலுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தார்கள். கிரேட்டஸ்ட்டை, இதற்குமேல் கனிந்துவிடாமல் இருக்க, தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாக வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாக்கைப் பிரித்துத் தட்டினால், இன்னும் அதே 'டொக்'. ஒரு இழை கூட இறங்கவில்லை. மோந்து பார்த்தார்கள். தக்காளி வாசனைதான் வந்தது.

பிடிவாதமான பலாவைப் பழுக்க வைக்க ஒரு வழி உண்டு. காம்பில் ஒரு முளைக்குச்சியை அடித்து இறக்குவார்கள், ரெண்டு நாள் வேலை ஒரு ராத்திரியில் முடியும். லார்ஜெஸ்ட்டுக்குக் காம்பு எது என்பதில் கொஞ்சம் கருத்து வேறுபாடு வந்தது. எழுத ஆரம்பித்த இடம்தான் காம்பு என்றார் தனவேல். முடிந்த இடம் என்றார் பாவாடை. கலியமூர்த்தி இருவருக்கும் பொதுவாக நடுவில் முளையை வைத்து ஓங்கி அடித்தார். பலகை நடுவாக்கில் பிளந்து, ஒரு பாதி தனவேல் மடியிலும் ஒரு பாதி மாட்டுத்தொட்டியிலும் விழுந்தது.

பிறகு கலியமூர்த்தி எழுந்து போய்த் தண்ணீர்ப்பானைக்குப் பக்கத்தில் இருந்த மணையை மோந்து பார்த்தார். "இது இன்னும் நல்லாத்தான் இருக்கு. நாளைக்குத் தாங்கும்" என்றார்.

சனிக்கிழமை காலை குட்டியானை வண்டி வந்து அஞ்சலாட்சி வீட்டு வாசலில் நின்றது. அவள் தாம்புக்கயிறு, சாக்கு, கத்தி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். ரெண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கலியமூர்த்தி வழக்கப்படி வெட்டுவதற்கு முன்னால் பழத்தைத் தட்டினார்.

'டங்.'

மறுபடி தட்டினார். 'டங்.' பின்பக்கம் போய்த் தட்டினார். 'டங்.'

புதன்கிழமையிலிருந்து ஊரே வார்த்தையைத் தட்டிக்கொண்டிருந்ததில், பழத்தை யாரும் தட்டவில்லை. இன்னும் பத்து நாள் ஆகும்.

அஞ்சலாட்சி சொல்லிப் பார்த்தாள். "பெரியப்பா, பரிசு பெரிசுக்குத்தானே? ருசிக்கு இல்லியே? காயா இருந்தா என்ன, கனியா இருந்தா என்ன, ஏத்துங்க."

"அது எப்படிம்மா? பழுத்தத மட்டும் கொண்டான்னு ஐயா சொல்லியிருக்காரு. நம்மகிட்ட பழுத்தது இருக்குல்ல" என்றார் கலியமூர்த்தி.

மூன்று பேரும் மணையைச் சாக்கில் சுற்றி, வண்டியின் நடுவில் வைத்து, குலுங்காமல் இருக்க இருபுறமும் வைக்கோல் திணித்து, ஆளுக்கொரு மூலையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். வண்டி மறைகிறவரை அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு மரத்திடம் வந்தாள். "உனக்கும் அறிவில்ல. பத்து நாள் முன்னாடி பழுத்திருந்தா என்ன?" என்றாள். அன்றைக்கு அவள் குரலில் சண்டைக்கு உண்டான வலு இல்லை.

டவுன் கண்காட்சியில் நடுவராக வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். வரிசையாகப் பழங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், சாக்கு விரித்து அதன்மேல் ஒரு நீல எழுத்து மணையை வைத்துக்கொண்டு நிற்கிற மூன்று பேர் முன்னால் நின்றார். பழம் எங்கே என்று கேட்டார்.

"பழம் காயா இருக்குங்க. பழுத்தது இதுதாங்க" என்றார் கலியமூர்த்தி.

அம்மாள் மணையைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா வேறு பக்கம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, குனிந்து மணையைத் தடவினார். தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது. எந்த மரம் என்று கேட்டார். சொன்னார்கள். பந்தலின் கோடியில் பலாமரக் கைவினைப் பொருட்களுக்கென்று ஒரு மேஜை வெள்ளைத்துணி விரித்துக் காலியாகக் கிடந்தது. சான்றிதழ் அச்சடித்தாயிற்று, வாங்க ஆள் வரவில்லை. மணையை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். மதியம் மூன்று மணிக்குச் சான்றிதழைக் கொடுத்து, போட்டோவும் எடுத்தார்கள்.

கூட்டத்துக்கு வெளியே வந்து தனவேல் சான்றிதழைப் பிரித்தார். அதில் தங்க எழுத்தில் பெஸ்ட் என்று இருந்தது. அகராதியைப் புரட்டினார். முகம் விழுந்தது.

"மிகச் சிறந்தன்னு போட்டிருக்கு. பெரிசே இல்ல."

"நாம கேட்ட மூணுல இது இருக்கா?" என்றார் கலியமூர்த்தி.

"இல்லண்ணே. இது நாலாவது."

"ஏமாத்திட்டாங்க" என்றார் பாவாடை.

திரும்பிப் போய் மேஜைக்கு முன்னால் நின்று, இதை எடுத்துக்கொண்டு ஒரு சைஸ் பெரிசாகக் கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். குமாஸ்தா முடியாது என்றார். அவர் சொன்னதைவிட அவர் கண்ணை மூடிக்கொண்ட விதத்தில்தான் அது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஊரில் துக்கம். ஆனால் அஞ்சலாட்சிக்கு லேசாக நம்பிக்கை வந்தது. எந்தப் பெரிசாக இருந்தால் என்ன, ஒரு பேர் வந்திருக்கிறதே. சான்றிதழை மரத்தில் மாட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை வீராசாமி வந்தார். பின்னால் மெஷின் ரம்பத்தோடு வெளியூர் ஆட்கள் ரெண்டு பேர். சான்றிதழைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். யாருக்குக் கொடுத்தது என்று கேட்டார். மணைக்கு என்றார்கள்.

"அப்ப சரி" என்றார் வீராசாமி. "பேர் வாங்குனா நிக்கட்டும்னு சொன்னேன். வாங்குனது எது? பலக. பலக நிக்கட்டும். மரம் போவட்டும்."

அவரே மணையை எடுத்து மரியாதையாகச் சுவரோரம் சாய்த்து நிற்க வைத்தார். சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. பாவாடைக்குக்கூட அதில் ஒரு சந்தேகம் கிடைக்கவில்லை. அரை மணி நேரமாவது எதையாவது சந்தேகப்பட வேண்டும் என்று அவர் முயற்சி செய்தது முகத்தில் தெரிந்தது.

ரம்பக்காரர் கயிற்றை இழுத்தார். மெஷின் அலறியது. காக்கைகள் எழுந்து போயின.

முந்திரிக்கொட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி கையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொன்னாள்:

"வெட்டுங்க மாமா. வேணாங்கல. தட்டிப் பாத்தாச்சா?"

வீராசாமி கையைத் தூக்கினார். மெஷின் நின்றது.

ஊர் மொத்தமும் நாக்கைக் கடித்துக்கொண்டது. பழத்தைத் தட்டியிருக்கிறார்கள். வார்த்தையைத் தட்டியிருக்கிறார்கள். மரத்தை ஒருவரும் தட்டவில்லை.

"எனக்கென்ன வந்தது?" என்றாள் அஞ்சலாட்சி. "காயா இருக்குற மரத்துல கதவு போட்டு, அது பின்னால வாசல்லயே பழுத்தா, ஈ மொய்க்கப்போறது உங்க வீட்டுலதான்."

வீராசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. கிரகப்பிரவேசத்துக்கு வருகிற சம்பந்தி வீட்டார் ஈ ஓட்டிக்கொண்டு உள்ளே நுழைவதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். கலியமூர்த்தியைப் பார்த்து, "தட்டுங்க" என்றார்.

கலியமூர்த்தி மரத்தை மூன்று முறை சுற்றி வந்தார். வலது காதை அடிமரத்தில் வைத்தார். விரலை மடக்கித் தட்டினார். ரம்பக்காரர்கள் ரெண்டு பேரும் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

'டங்.'

இன்னொரு பக்கம். 'டங்.'

அஞ்சலாட்சிக்காக இரக்கப்பட்டு அவர் அப்படிச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். அதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவரிடம் கிடையாது. அவர் காதில் விழுந்தது அதுதான்.

"காய்" என்றார்.

"எப்பப் பழுக்கும்?"

கலியமூர்த்தி விரல்விட்டு எண்ணினார். "முப்பது வருஷம் ஆவும். மழ நல்லாப் பேஞ்சா இருவத்தெட்டு."

"வைக்கோல் வச்சா?"

"ஒரு வருஷம் கொறையலாம்."

வீராசாமி ரம்பக்காரர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார். மத்தியானம் ஒரு கட்டு வைக்கோல் தூக்கி வந்து மரத்தைச் சுற்றிக் கட்டினார். முளைக்குச்சி அடிக்கலாமா என்று பாவாடை கேட்டதற்கு, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள் கழித்து அந்தப் பழம் பழுத்தது. ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. சாப்பிட்டுக்கொண்டே, இது பிக்கெஸ்ட்டா லார்ஜெஸ்ட்டா கிரேட்டஸ்ட்டா என்று சங்கம் விவாதித்தது. விவாதம் முடிவதற்குள் பழம் முடிந்துவிட்டது. படிவம் இன்னும் தனவேலின் அகராதிக்குள் இருக்கிறது. மூன்று கட்டமும் காலி.

ஆவணியில் வீராசாமி கதவில்லாமலே புதுவீடு குடிபோனார். கதவு எங்கே என்று கேட்டவர்களுக்கு, மரத்தில் இருக்கிறது, பழுக்கட்டும் என்றார். அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டாமல் உள்ளே போவது மரியாதை இல்லை. கொட்டையம்பாக்கத்தில் அது நினைத்தே பார்க்க முடியாதது. அதனால் இன்றைக்கும் வீராசாமியைப் பார்க்க வருகிறவர்கள் அவர் வீட்டைத் தாண்டி, சந்து வழியாகப் பின்னால் போய், வைக்கோலை விலக்கி, பலாமரத்தை மூன்று தட்டுத் தட்டுகிறார்கள்.

டங். டங். டங்.

அடியில் அஞ்சலாட்சி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பிப் போட்ட மணையில் உட்கார்ந்து, வைக்கோலில் சாய்ந்திருப்பாள். நிமிர மாட்டாள்.

"இருக்காரு, போங்க" என்பாள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு அடுத்த கொட்டையை எடுப்பாள்.